ஒரு கட்டிலைத் திரும்பக் கொண்டுபோக அனுமதி கோரி

அனுப்புநர்:
செயலாளர்,
நோயாளர் உபகரண இரவல் சங்கம்,
பழைய தபால் நிலையத்தின் பின்பக்க அறை,
பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
தன்னார்வச் சங்கங்களின் பதிவு அலுவலகம்.

பொருள்: நிர்வாகக் குழுப் பயிற்சிப் பட்டறைக்குப் பின் எங்கள் சங்கத்துக்கு வந்த உத்தரவை மறுபரிசீலனை செய்து, எங்கள் தலைவர் தலைவராகவும் இரவல் பெற்றவராகவும் ஒரே நேரத்தில் இருக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. குழு உறுப்பினர் அனைவரும் இரண்டு நாள் பயிற்சிக்குச் செல்லவேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கை.
2. பயிற்சிக்குப் பின் வந்த தங்கள் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பேருடைய மனுக்கள் என் விரல் வழியாகத்தான் தங்களுடையதைப் போன்ற அலுவலகங்களுக்குப் போகின்றன. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், புலம்பலை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்பதை மட்டும் கேளுங்கள் என்று வருகிறவர்களுக்கு நானே புத்தி சொல்வேன். எனக்கென்று எழுத உட்கார்ந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. எங்களுடையது பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நான்கு கால் நடைச்சட்டம், காற்று மெத்தை, தலைமாட்டை உயர்த்தக் கைப்பிடி வைத்த இரும்புக் கட்டில் ஆகியவற்றை, வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்களுக்கு இரவலாகக் கொடுக்கிறோம். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. தேவை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். தேவை இரண்டு விதமாக முடியும். ஒன்று, நோயாளி எழுந்து நடந்துவிடுவார். மற்றதைத் தாங்கள் அறிவீர்கள். குழுவில் நாங்கள் ஏழு பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. அவரவர் பிழைப்பு போக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறோம்.

2. எங்கள் தலைவர் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் நர்ஸக்கா. பல் போன கிழவரும் அக்கா என்பார், பல் முளைக்காத குழந்தையைத் தூக்கி வருகிறவளும் அக்கா என்பாள். அவருடைய அப்பா இறந்த பிறகு வீட்டில் ஒரு சக்கர நாற்காலி சும்மா கிடந்தது. தெருமுனையில் சைக்கிள் பழுது பார்ப்பவர், இன்று எங்கள் குழுவில் பஞ்சர் அண்ணன் என்று அழைக்கப்படுகிறவர், தம் மனைவிக்காக அதைக் கேட்டு வாங்கிப் போனார். சில மாதம் கழித்து மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் விட்டுவிட்டு நழுவப் பார்த்தவரை நர்ஸக்கா விடவில்லை. "உள்ள கொண்டாந்து நீங்களே வைங்க" என்றார். வைத்தார். அக்கா டீ கொடுத்து உட்கார வைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: "வர்ற ஞாயித்துக்கிழமை வர முடியுமா? சக்கரத்துக்கு எண்ணெய் போடணும். எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! வாழ்நாள் முழுக்க மருத்துவமனை வண்டிகளைத் தள்ளி, எண்ணெய் விட்டு, ஓட்டியவருக்கு! பஞ்சர் அண்ணன் அந்த ஞாயிறு வந்தார். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்.

3. அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும் பொருளை வாசலில் வைத்து நாங்கள் வாங்குவதில்லை. கொண்டுவந்தவரே உள்ளே வந்து, வரிசையில் அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும். பிறகு டீ. அதன் பிறகு அந்த ஒரு கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? முடியாது என்பவர்கள்தான் அதிகம். அவர்கள்மேல் வருத்தம் கிடையாது. முடியும் என்று வந்தவர்கள்தான் குழு. தையற்காரர் தம் தம்பியின் ஊன்றுகோலைத் திருப்பித் தர வந்தவர். தம்பி இப்போது மாடிப்படி ஏறுகிறார், நல்ல சேதி. பேருந்து ஓட்டுநர் தம் தாயாரின் காற்று மெத்தையோடு வந்தவர். இன்னும் இருவர் கதையும் இதேதான். 'உறுப்பினர் தேர்வுக்கு எழுத்து வடிவில் விதிமுறை இல்லை' என்று தங்கள் கடிதம் குறை சொல்கிறது. உண்மைதான் ஐயா. எழுதிவைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

4. நானும் அப்படி வந்தவள்தான். என் கணவர் அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துபவர். கடைசிக் காலத்தில் நாற்காலியை விட்டு எழ முடியாதபோதும் கண்ணாடி பக்கத்தில் இருக்கவேண்டும் அவருக்கு. மருந்துச் சீட்டில்கூடப் பிழை பார்ப்பார். கண்ணாடிக்காக நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சின்னத் துணிப்பை தைத்துக் கட்டியிருந்தேன். எல்லாம் முடிந்து நாற்காலியைத் துடைத்தபோது அந்தப் பையை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போனேன். நர்ஸக்கா அதைப் பார்த்தார். அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். "இது இருக்கட்டும். அடுத்தாப்ல வர்றவங்களும் கண்ணாடி போடுவாங்கல்ல" என்றார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டீ ஆறிப்போய் வேறு டீ வந்தது. பிறகு கேள்வி வந்தது. கடை இருக்கிறதே அக்கா என்றேன். "ஞாயித்துக்கிழமை யாரும்மா ஜெராக்ஸ் எடுக்கப் போறாங்க?" என்றார். அந்த ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

இன்று எங்கள் நாற்காலிகள் எல்லாவற்றிலும் தையற்காரர் தைத்த கண்ணாடிப் பை தொங்குகிறது.

5. அந்த ஞாயிறுகளைத் தங்களுக்கு எப்படிச் சொல்வது? தபால் மூட்டைகள் கிடந்த பழைய அறை அது. மேலே ஒற்றை ஜன்னல், அதன் வழியாகப் பேருந்துகளின் ஹாரன். பஞ்சர் அண்ணன் காற்று மெத்தையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக் குழந்தையாட்டம் சந்தோஷப்படுவார். தையற்காரர் கிழிந்த இருக்கைத் துணியை மாற்றுவார். ஓட்டுநர் வாயே திறக்காமல் இரும்பில் துருவைத் தேய்ப்பார். நான் ஊன்றுகோல்களின் அடிரப்பரை அழுத்திப் பார்த்துத் தேய்ந்ததைக் கழற்றிப் போடுவேன். நர்ஸக்கா எதையும் செய்யமாட்டார், எல்லாரையும் விரட்டுவார். ஒருநாள் பஞ்சர் அண்ணனை நோயாளியாகப் படுக்கப் போட்டு, முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று புதிதாகக் கட்டில் வாங்க வந்த ஒரு குடும்பத்துக்குச் செய்து காட்டினார். அண்ணன் உண்மையாகவே தூங்கிவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அப்பாவைக் கவனித்துக்கொள்ளப் போகும் கவலையில் முகத்தில் ஈயாடாமல் வந்த அந்த வீட்டுப் பெண்ணும் சிரித்துவிட்டாள். வீட்டில் ஓர் ஆள் குறைந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மோசமான நாள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது வாரத்தின் நல்ல நாளாக இருந்தது.

6. இந்த நிலையில்தான் தங்கள் சுற்றறிக்கை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பட்டறையில் எல்லா உறுப்பினர்களும் கலந்துகொண்டு சான்றிதழ் பெற்றால்தான் சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்படும் என்றது. பதிவு இல்லை என்றால் தபால் துறை தந்த அறையும் போய்விடும். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று பார்த்ததும் பஞ்சர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தக் காசுக்கு எல்லா நாற்காலிக்கும் புது டயரே போட்டுடலாமே" என்றார். மிகையில்லை, அப்படியே வாங்கியிருக்கலாம். இந்த வருடம் டயர் மாற்றவில்லை. கட்டணம் போக, இரண்டு நாள் கடை அடைப்பு, ஓட்டுநருக்கு இரண்டு நாள் சம்பள வெட்டு.

7. பட்டறை ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய கூடத்தில் நடந்தது. போர்வை கொண்டுவந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்குக் குளிர். முதல் வேலையாக எங்கள் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டை ஆளுக்கு ஆள் எறியச் சொன்னார்கள். ஒற்றுமை புரிவதற்காம். தையற்காரருக்கு நூல் வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது உட்கார்ந்து சிக்கெடுத்துச் சுற்றி, கண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு, உங்கள் அமைப்பை ஒரு விலங்காக நினைத்தால் எது என்று கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் சிங்கம், கழுகு என்றார்கள். பஞ்சர் அண்ணன் எழுந்து நின்று, "கழுதைங்க. சுமக்குறதுதானே வேலை" என்றார். கூடமே கைதட்டியது. ஏன் தட்டினார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மற்றபடி தொலைநோக்கு, செயல்நோக்கு, வியூகம் என்று திரையில் ஓடிய பாதி எங்கள் மண்டையில் ஏறவில்லை.

8. நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று அங்கே கற்றோம். அன்று முதல் அப்படியே செய்கிறோம். கூட்டத்தில் அதிகம் பேசாதவரை முதலில் பேசவிடுங்கள் என்றும் பயிற்சியாளர் சொன்னார். அடுத்த ஞாயிறே ஓட்டுநரை முதலில் கேட்டோம். வருடக்கணக்காக வாய் திறக்காதவர், "டீயில சர்க்கரை ஜாஸ்தி. ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன்" என்றார். அதைக் குறைத்துவிட்டோம். இந்த இரண்டையும் கற்க எங்கள் அறையில் அரை நாள் போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

9. தலைவருக்கு மருத்துவச் சான்றோடு விலக்குப் பெற்று, பட்டறைக்கு நாங்கள் ஆறு பேர்தான் போனோம். அதற்குச் சில வாரம் முன்பு நர்ஸக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இந்த வயதில் அறுவை சிகிச்சை தாங்காது, படுக்கைதான் என்றுவிட்டார்கள் மருத்துவர்கள். அவருக்குக் கட்டில் கொடுப்பது பற்றிய கூட்டத்தை அவர் வீட்டிலேயே நடத்தினோம். "இதுல நான் வாயைத் திறக்கமாட்டேன், நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஆறு பேரும் கைதூக்கி முடிவு செய்தோம். கைப்பிடி வைத்த கட்டிலும் காற்று மெத்தையும் அவர் வீட்டுக்குப் போயின. தலைமாட்டை உயர்த்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கிறீச்சுங்குது. யாரு எண்ணெய் போட்டது?" பஞ்சர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக் கூட்டம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான்.

10. இப்போது எங்கள் பிசகுக்கு வருகிறேன். பட்டறையின் இரண்டாம் நாள், 'உங்கள் சங்கத்தில் நீங்கள் பெருமைப்படும் நடைமுறை ஒன்றை எழுதுங்கள்' என்று வண்ணக் காகிதம் கொடுத்தார்கள். தையற்காரர் ஆசையாக வாங்கி, தம் அழகான கையெழுத்தில், எங்களிடம் இரவல் வாங்கியவர்களே எங்கள் குழு என்றும், எங்கள் தலைவரே இன்று எங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கிறார் என்றும் எழுதிச் சுவரில் ஒட்டினார். மற்ற சங்கத்தார் நிதி திரட்டியதையும் விருது வாங்கியதையும் எழுதியிருந்தார்கள். எங்களுடையதுதான் சிறந்தது என்று நாங்கள் ஆறு பேரும் மனதார நம்பினோம். பயிற்சியாளர் அதை இரண்டு தடவை படித்தார். மரியாதை தெரிந்த இளம்பெண். "சார், இதுக்குப் பேரு நலன் முரண். சங்கத்தோட பொருளை அனுபவிக்கிறவங்க குழுவுல இருக்கக் கூடாது. நான் ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் செய்தார். தையற்காரர்தான் அன்று முதல் சரியாகச் சாப்பிடுவதில்லை.

11. தங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. தலைவர், பதவி அல்லது இரவல் பெற்ற பொருள், இரண்டில் ஒன்றை மாத முடிவுக்குள் விட்டுவிடவேண்டும், இல்லையேல் பதிவு புதுப்பிக்கப்படாது என்பது அதன் சாரம். அவரிடம் மறைத்துவிடலாம் என்று ஆறு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். மறைக்கிற மூஞ்சியா எங்களுக்கு? "என்ன, எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்க? நான் இன்னும் சாகலையே" என்று பிடித்துவிட்டார். கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். தலைவர் என்ற பெயரைத்தானே கேட்கிறார்கள் அக்கா, தற்காலிகமாக எடுத்துவிடுவோம், கட்டில் உங்களிடமே இருக்கட்டும், உங்கள் பேச்சை நாங்கள் மீறப் போகிறோமா என்றேன். பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவருக்குக் கோபம் வந்தது. நான் பார்த்த அளவில் அதுதான் முதல் தடவை. "கட்டில்ல கிடக்கிறவ நோயாளி. அந்தப் பேரு இருக்கிற வரைக்கும் நான் நோயாளி மட்டும் இல்ல. அதை எடுக்கிறேன்னு நீயே சொல்றியா?" என்றார். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்று கூட்டம் டீ இல்லாமல் முடிந்தது.

12. அடுத்த ஞாயிறு காலை அறையைத் திறந்து வைத்திருந்தோம். வாசலில் ஒரு சுமை வண்டி வந்து நின்றது. அதில் அந்தக் கட்டில். மேலே சுருட்டி வைத்த காற்று மெத்தை. கூடவே நர்ஸக்காவைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தங்கை மகள். அழுது அழுது அவளுக்குக் கண் வீங்கியிருந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். பிடிவாதமாகத் தம்மைத் தரையில் இறக்கிப் படுக்கவைக்கச் சொன்னாராம். வாசலில் யாரும் கை நீட்டவில்லை. நீட்டக்கூடாது என்பதுதான் வழக்கம், ஆனால் அன்று நீட்ட முடியவில்லை என்பதுதான் உண்மை. வண்டிக்காரரும் அவளுமாக உள்ளே கொண்டுவந்து வரிசையில் வைத்தார்கள். தையற்காரர் டீ கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, சொல்லி அனுப்பியதை ஒப்பித்தாள்: "பொருளைத் திருப்பிக் குடுத்தாச்சு. அடுத்து என்ன கேட்கணுமோ அதைக் கேளுங்கன்னு பெரியம்மா சொல்லச் சொன்னாங்க."

அந்தக் கேள்வியைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஐயா.

13. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் இரண்டு போர்வையை மடித்துப் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: அக்கா, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? அவர் முகம் மலர்ந்ததை நான் எழுதிக் காட்ட முடியாது. "வர்றேன். ஆனா நான் எங்க வர்றது, நீங்கதான் இங்க வரணும்" என்றார். காசு போட்டு வெளியில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுக்கிறோம் என்றதற்கு, "நம்ம கட்டில் அங்க சும்மா நிக்க, வாடகை குடுக்க உங்களுக்குப் பைத்தியமா?" என்று வெளுத்து வாங்கினார். கட்டிலையே திரும்பக் கொண்டுவருகிறோம் என்றதற்கு, உத்தரவு மாறட்டும் என்றார். வேலையில் இருந்த காலத்தில் ஓர் உத்தரவையும் மீறாதவர்.

14. ஐயா, இடுப்பு முறிந்தவரைத் தரையிலிருந்து ஓர் ஆள் புரட்ட முடியாது. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் முதுகில் இப்போது சிவந்த தடம் ஒன்று தெரிகிறது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். தங்கை மகளிடம், "எவ்வளவு பெருசு, விரலால காட்டு" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

15. தங்கள் விதி ஏன் வந்தது என்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. சங்கத்துப் பொருளைத் தம் வீட்டுப் பொருளாக்கிக்கொண்ட நிர்வாகிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த விதி வேண்டும். எங்களிடம் இரவல் வாங்காத ஒருவரைக் குழுவுக்குத் தேடினால் கிடைப்பார். ஆனால் ஒரு நாற்காலி வாசலுக்குத் திரும்பி வரும்போது, தள்ளி வருகிறவரை எப்படி உட்கார வைப்பது என்பது அவருக்கு எந்தப் பட்டறையில் கிடைக்கும்?

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன்:

(அ) உறுப்பினர் ஒருவருக்கே பொருள் தேவைப்பட்டால், அவர் வாய் திறக்காமல் மற்றவர்கள் முடிவெடுத்துப் பதிவு செய்யலாம் என்று அனுமதிக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

(ஆ) பயிற்சி தேவை என்றால், பயிற்சியாளரை ஒரு ஞாயிறு எங்கள் அறைக்கு அனுப்பி வைக்கலாம். அக்கம்பக்கத்துச் சின்னச் சங்கங்களையும் கூட்டிவைக்கிறோம், செலவும் பங்காகிவிடும். சர்க்கரை அளவாகப் போட்ட டீ தருவோம்.

(இ) மேற்கண்ட இரண்டையும் தாங்கள் ஆற அமர யோசிக்கலாம். கட்டில் விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு வரி, தங்கள் கையெழுத்தோடு, இந்த வாரத்துக்குள் வேண்டும். அந்த வரி வந்த நாளில் ஆறு பேரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். பஞ்சர் அண்ணன் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார். இப்போது அது கிறீச்சிடுவதில்லை.

இன்றைய கூட்டத்தில் இம்மனு முழுவதும் வாசிக்கப்பட்டு, பத்தி 14 நீங்கலாக அனைத்தும் தலைவரால் ஏற்கப்பட்டது. பத்தி 14ஐ நீக்கச் சொன்னார். இந்த ஓர் உத்தரவை மட்டும் நான் மீறுகிறேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

செயலாளர் (ஒப்பம்)
உறுப்பினர்கள் ஐவர் (ஒப்பம்)
தலைவர் (ஒப்பம் – படுத்த நிலையில், அட்டை பிடித்து இட்டது)

நாள்: ஞாயிற்றுக்கிழமை
இடம்: தலைவர் வீடு, தரையில்